கோடுகள் சந்திக்கும் இடம்

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அடைப்பின் கதவு
எங்களுக்காகத் திறக்கும்.
மரணத்துக்கு, பல்வலிக்கு, தேர்தலுக்கு
என்று தலைவி அம்மா சிரிப்பார்.
ஆயகுச்சோ வெயிலில் கண் கூசியது.
பதினொரு பழுப்பு அங்கி, ஒரு சிற்றுந்து.
ஓட்டுநர் காசு வாங்கவில்லை.
எங்காளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் சிஸ்டர் என்றான்.
யார் உங்காள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

என் வேலை ஓஸ்தி சுடுவது.
இருபத்தெட்டு வருடமாக
இரும்புத் தட்டில் மாவு ஊற்றி,
ஈரத்தில் பதமாக்கி, வட்டம் வெட்டி,
விளிம்பு பிளந்ததை, நடுவில் கீறியதை
கண்ணுக்கு முன்னே விரல் ஒதுக்கிவிடும்.
ஒதுக்கியவை காகிதப் பையில்
கம்பிக் கதவு வழியே பள்ளிப் பிள்ளைகளுக்கு.
நல்லதை எடுக்க அல்ல,
பழுதைத் தள்ளப் பழகிய கை இது.
இன்று தட்டில் இரண்டு.
இரண்டும் பிளந்தவை.

ஒருவன் மேடைதோறும் செபமாலை தொங்க வருகிறான்.
கருவிலிருக்கும் பிள்ளையைத் தொட விடமாட்டேன் என்கிறான்.
ஆயர் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமென்.
எலும்பு தேடும் தாய்மார் காரை மறித்தபோது
மலையில் கிடப்பது நாயெலும்பு என்று
கண்ணாடியை ஏற்றினான்.

மற்றவன் குழிகளைத் தோண்டுவேன் என்கிறான்,
ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் எழுதித் தருவேன் என்கிறான்.
அவன் கொண்டுவரும் சட்டத்தில்
பெயரே வைக்கப்படாதவர்களுக்கு இடமில்லை.
ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் வாங்கிய கணக்கில்
அவன் மைத்துனன் கையெழுத்து.
அந்த மாதம்தான் சிஸ்டர் பிலோமினா
மூச்சுக்குத் தவித்தாள்.

மலையில் கிடப்பவர்களில் ஒருவன் என் அண்ணன் செவேரோ.
பத்தொன்பது வயது. பச்சை ஸ்வெட்டர்.
அதனால்தான் பாதர் எலெயுத்தேரியோவிடம்
கம்பிக்கு இப்பால் முழங்காலிட்டுக் கேட்டேன்:
எனக்குள் பேசுவது மனச்சான்றா,
என் வீட்டு எலும்பா?
நெடுநேரம் இருமினார்.
தீமைக்காகப் போடாதே.
தீமை இருந்தும் போட நேர்ந்தால்
அதைவிடக் கனமானது எதிர்த்தட்டில் இருக்கட்டும்.
எடைபோடு என்றார்.
மாவு நிறுக்கும் தராசுதான் எனக்குத் தெரியும் பாதர்.
அதற்குப் படிக்கல் வேறு யாரோ செய்து தந்தது.

பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு.
சுவரில் வாய்ப்பாடு, ஏழு வரைக்கும்.
மேசையிலிருந்த பெண் விதியை ஒப்பித்தாள்:
சிலுவை போடலாம், பெருக்கல் குறி போடலாம்,
கோடு வெளியே நீண்டாலும் பரவாயில்லை,
இரண்டும் சந்திக்கும் இடம்
கட்டத்துக்குள் இருந்தால் செல்லும்.

எனக்கு முன்னால் போன சிஸ்டர் இனோசென்சியா
வெறுங்காகிதத்தை மடித்துப் போட்டுவிட்டு
லேசாக வந்தாள்.
பாரத்தை ஆண்டவர்மேல் வைத்துவிட்டேன் என்றாள்.
பொறாமை வந்தது. கோபமும்.
ஆண்டவருக்கு இந்த ஊரில்
வாக்காளர் அட்டை கிடையாது.

அட்டை மறைப்புக்குள் குனிந்தேன்.
நெற்றியிலும் மார்பிலும்
ஒரு நாளைக்கு எத்தனை சிலுவை போடுகிறேன்,
கை நடுங்கியதில்லை.
முதல் கோட்டைப் போட்டுவிட்டு நின்றேன்.
அதுவரை அது செல்லாத ஓட்டு.
அதுவரை நான் யாருக்கும்
எதுவும் செய்யாதவள்.
சிஸ்டர், முடிந்ததா? என்றாள் அந்தப் பெண்.
இரண்டாவதைப் போட்டேன்.

நடுவிரலை மையில் முக்கினார்கள்.
நான் சிறுமியாயிருந்தபோது
மைவிரல்களை வெட்டுவோம் என்று
இரவில் சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள்.
அப்பா போனார்.
ஒரு கையை ஜேபியில் விட்டபடியே
திரும்பி வந்தார், அந்த வாரம் முழுக்க
இடது கையால் சாப்பிட்டார்.

மறுநாள் கையுறை மாட்டித்தான் மாவு கரைத்தேன்.
மை போக ஒன்பது நாள்.
ஒரு நவநாள் ஆயிற்று சிஸ்டர் என்றாள்
புதிதாக வந்த மரிசியேலோ, சிரிக்காமல்.
இடையில் என்றைக்கோ வானொலி முடிவு சொன்னது.
நான் வெட்டுப் பலகையில் இருந்தேன்.
பிளந்தது ஒன்று விரலில் வந்தது.
சன்னல் வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தேன்,
எந்த இடத்தில் தொடங்கியது கீறல் என்று.
பிறகு பையில்தான் போட்டேன்.